பருப்பு வெந்த ஊர்கள்

எங்கள் அப்பா ரயில்வேயில் கார்டு. விழுப்புரத்தில் பல குடும்பங்களுக்கு ரயில்வேயோடு ஏதோ ஒரு தொடர்பு இருக்கும். எங்களுக்கு அதுதான் சோறு. வெளியூர் என்றால் பாஸ், பாஸ் என்றால் ரயில். ரயில் போகாத இடம் அப்பாவின் கணக்கில் இந்தியாவிலேயே சேராது. அப்படிப்பட்டவர் 1995 மே மாதம், வேன் பிடித்துக்கொண்டு காடு காடாகச் சுற்றிவரப் போகிறோம் என்று சொன்னதும் ஆயா வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "ஓசியில போற ரயில உட்டுட்டு, காசக் குடுத்து என்னாத்துக்குடா வேனு?"

காரணம் திண்டிவனத்து மாமா. அத்தை வீட்டுக்காரர். மல்லாட்டை (வேர்க்கடலை) வாங்கி விற்கிற கமிஷன் மண்டி வைத்திருந்தார். அவருக்கு வெகுநாளாக ஓர் ஆசை: யானை பார்க்க வேண்டும். கோயில் யானை இல்லை, காலில் சங்கிலி இல்லாத யானை. முதுமலைக்கும் டாப்சிலிப்புக்கும் தேக்கடிக்கும் தண்டவாளம் கிடையாது. அக்காள் புருஷன் ஒன்று கேட்டு இல்லை என்று சொல்ல அப்பாவாலும் முடியாது. நான் அப்போது ஏழாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்தேன்.

வண்டி ஒரு மெட்டடோர் வேன். இரண்டு வீட்டு ஆட்கள், அத்தைப் பிள்ளைகள், ஆயா, மாமாவின் தங்கையான சித்தியின் குடும்பம் என்று சீட்டுக்கு மேல் ஆள். மேலே கேரியரில் ஏறியதைச் சொன்னால்தான் அந்தப் பயணம் எப்படிப்பட்டது என்பது புரியும். அரை மூட்டை அரிசி. துவரம்பருப்பு, புளி, மிளகாய்த்தூள், எண்ணெய் டின். இரண்டு பம்ப் ஸ்டவ், ஒரு கேன் மண்ணெண்ணெய். சோறு வடிக்கிற பெரிய குண்டான், குழம்புச் சட்டி, அன்னக்கூடை, கரண்டிகள். அவல், முறுக்கு, வறுத்த மல்லாட்டை. தாளிப்பு வடகம் ஒரு டப்பா. ஆயா யாருக்கும் தெரியாமல் வைத்த கருவாடு ஒரு பொட்டலம். அது செஞ்சி தாண்டுவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எல்லாவற்றின் மேலும் தார்ப்பாய், அதன் மேல் கயிறு.

இதெல்லாம் கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் யார் வேன் பிடித்தாலும் இப்படித்தான். திருப்பதிக்கும் இப்படித்தான், ராமேசுவரத்துக்கும் இப்படித்தான். அத்தனை பேருக்கு மூன்று வேளையும் ஹோட்டலில் வாங்கிக் கொடுக்க வேண்டுமானால் மாமா மண்டியை விற்றிருக்க வேண்டும். அமெரிக்காவில் வீடு மாதிரி வண்டி ஓட்டிக்கொண்டு தேசியப் பூங்காக்களைச் சுற்றுகிறார்கள் என்று இப்போது படங்களில் பார்க்கிறோமே, அதில் சமையலறையைத் தவிர மற்ற எதுவும் எங்களிடம் இல்லை. அந்தச் சமையலறையும் கூரை மேல் இருந்தது.

விடியற்காலை எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏற்றி, கற்பூரம் காட்டிக் கிளம்பினோம். திண்டிவனத்தில் அத்தை வீட்டாரை ஏற்றிக்கொண்டு செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி என்று மேற்கே போகிற சாலை. இருபுறமும் புளியமரங்கள் கவிந்திருந்த சாலை அது. என்ஜின் மூடி டிரைவர் அண்ணனுக்குப் பக்கத்தில், வண்டிக்குள்ளேயே இருந்தது. அதன் சூட்டில் அத்தை கொண்டுவந்த மோர் திருவண்ணாமலை வருவதற்குள் புளித்துப்போனது. பின்சீட்டில் குழந்தைகள் வரிசையாக வாந்தி எடுத்தோம். இஞ்சி முரப்பா கையிலிருந்து கைக்கு மாறியது.

வண்டியை எங்கே நிறுத்துவது என்று தீர்மானித்தவர் டிரைவரும் இல்லை, அப்பாவும் இல்லை. அத்தைதான். அத்தைக்கு ஒரே விதி: தண்ணீர் இருக்க வேண்டும். பம்ப்செட் ஓடுகிற கிணறு தென்பட்டால், "தோ, அங்க ஓரங்கட்டு தம்பி" என்பாள். பார்க்க வேண்டிய இடம் பத்து கிலோமீட்டரில் இருந்தாலும் சரி, மணி பத்தரைதான் ஆகியிருந்தாலும் சரி, தண்ணீர் கண்ட இடத்தில் சமையல் நடக்கும். ஆண்கள் ஸ்டவ்வை இறக்கிக் கொடுத்துவிட்டுப் பீடி பற்றவைக்கப் போவார்கள். அம்மாவும் அத்தையும் சித்தியும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்காருவார்கள். ஒருத்தி ஸ்டவ்வுக்குப் பம்ப் அடிக்க, ஒருத்தி காய் நறுக்க, ஒருத்தி அரிசி களைய. சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, மறுபடி கேரியரில் கட்டி ஏற்றினால் இரண்டரை மணி நேரம் போயிருக்கும்.

இன்னொரு விஷயத்தைப் பயணக் கட்டுரைகளில் யாரும் எழுதுவதில்லை. பெண்கள் ஒதுங்குவதற்கு இடம். இருட்டு விலகுவதற்கு முன் ஒருமுறை. பிறகு முள்வேலி மறைவோ பெட்ரோல் பங்க்கோ வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. காட்டுச் சாலையில் வண்டியை விட்டு இறங்கவே கூடாது. அதனால் அம்மா காலை காப்பிக்குப் பிறகு தண்ணீர் குடிக்க மாட்டாள். கொளுத்துகிற மே மாதத்தில், தண்ணீரைத் தேடித் தேடி வண்டியை நிறுத்துகிற குடும்பத்தில், பெண்கள் தாகத்தோடு போனார்கள்.

பெங்களூரில் சமைக்க மாமா சம்மதிக்கவில்லை. 1991 டிசம்பர் காவிரிக் கலவரம் எல்லார் நினைவிலும் இருந்தது. தமிழ்நாட்டு நம்பர் பலகை வைத்த வண்டியை ரோட்டோரம் மணிக்கணக்கில் நிறுத்த அவருக்குத் துணிச்சல் இல்லை. யாரும் எங்களை எதுவும் சொல்லவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். பன்னேர்கட்டாவில் கம்பி போட்ட வண்டியிலிருந்து சிங்கம் பார்த்தோம். மைசூரில் 1892இல் தொடங்கிய மிருகக்காட்சிசாலை. இரண்டையும் விட்டுவிடலாம். மாமா இரண்டு இடத்திலும் "இது கூண்டு, இது கணக்குல வராது" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

குண்டலுப்பேட்டை தாண்டியதும் காடு. ஆனால் நாங்கள் எதிர்பார்த்த காடு அல்ல. பந்திப்பூர் மே மாதத்தில் பச்சையாக இருக்காது. இலை உதிர்ந்த மரங்களும் காய்ந்த புல்லும் உண்ணிப்புதரும்தான். "நம்ம செஞ்சி மலையே தேவலாம்" என்றாள் ஆயா. புலிகளைக் காக்கும் திட்டம் 1973இல் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுத்த ஒன்பது காடுகளில் பந்திப்பூரும் ஒன்று என்று அப்பா பலகையைப் படித்துச் சொன்னார். எங்களுக்குப் புலி தெரியவில்லை. மான்கள் தெரிந்தன. அத்தைக்கு ஓர் ஓடை தெரிந்தது.

ஓரங்கட்டி ஸ்டவ்வை இறக்கியதுதான் தாமதம், ஜீப்பில் வந்த வனக்காவலர் ஒருவர் கன்னடத்தில் சத்தம் போட்டார். மொழி புரியாவிட்டாலும் கை நீட்டிய திசை புரிந்தது: காய்ந்த புல், பற்றவைத்த ஸ்டவ். பாதி கொதித்த உலையோடு குண்டானை மடியில் வைத்துக்கொண்டு அம்மா வண்டியில் ஏறினாள். 2019 பிப்ரவரியில் பந்திப்பூர் பற்றி எரிந்த செய்தியைப் பார்த்தபோது அந்தக் காவலரை நினைத்துக்கொண்டேன். அவர் அன்று போட்ட சத்தம் போதாது.

கக்கநல்லா சோதனைச் சாவடியில் வேறு கதை. சந்தனக் கடத்தல் வீரப்பன் உயிரோடு திரிந்த காலம். வண்டியை மடக்கிய போலீஸ்காரர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். அரிசி மூட்டை, பருப்பு, எண்ணெய், மண்ணெண்ணெய்.

"யாருக்கு இவ்ளோ சாமான்?"

"எங்களுக்குத்தான் சார். குடும்பம்."

"எந்த ஊரு?"

"விழுப்புரம் மாவட்டம்."

அவர் ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்தார். அதில் தென்னார்க்காடு மாவட்டம் என்று இருந்தது. எங்கள் மாவட்டம் பிரிந்தது 1993 செப்டம்பர் 30. இரண்டு வருடம்கூட ஆகவில்லை; கார்டு பழையது. அப்பா அரசாணையை எல்லாம் விளக்கத் தொடங்கினார். ரயில் கார்டு வேலை பார்ப்பவர்களுக்கே உரிய பொறுமையோடு தேதி, நேரம் எல்லாம் சொன்னார். போலீஸ்காரரின் சந்தேகம் வளர்ந்துகொண்டே போனது. கடைசியில் எங்களைக் காப்பாற்றியது ஆயாவின் கருவாடு. பொட்டலத்தைப் பிரித்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "போங்க, போங்க" என்றார்.

தெப்பக்காட்டில் மாயாறு பாறைகளுக்கு இடையில் ஓடிக்கொண்டிருந்தது. முதுமலை 1940இலேயே சரணாலயமாகிவிட்டது. தென்னிந்தியாவில் முதலாவது என்பார்கள். யானை முகாமில் சாயங்காலத் தீனி நேரம். கேழ்வரகும் கொள்ளும் அரிசியும் வேகவைத்து, வெல்லமும் உப்பும் தேங்காயும் சேர்த்துப் பெரிய பெரிய உருண்டைகளாகப் பிடித்து மாவுத்தர்கள் யானை வாயில் ஊட்டினார்கள். ஆயா முன்னால் போய் நின்றுகொண்டாள். பயணம் முழுக்க எதற்கும் அசையாத ஆயா, "களியா துன்னுது?" என்று கேட்டாள். பிறகு மாவுத்தரிடம், உருண்டையில் கட்டி தட்டாமல் எப்படிக் கிண்டுகிறீர்கள் என்று விசாரித்தாள். அவரும் பதில் சொன்னார். 2023இல் அந்த முகாமின் குட்டி யானையையும் அதை வளர்த்த தம்பதியையும் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியபோது ஊரே கொண்டாடியது. ஆயா இருந்திருந்தால் களியைப் பற்றித்தான் கேட்டிருப்பாள்.

மாமாவின் யானை மறுநாள் காலையில் கிடைத்தது. ஆற்றங்கரைக்கு அப்பால், மூங்கில் புதரை விலக்கிக்கொண்டு ஒரு பெண் யானை, பின்னால் இன்னொன்று, இரண்டுக்கும் நடுவில் குட்டி. சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய உடம்பு நடந்தால் தரை அதிரும் என்று நினைத்திருந்தேன். மாமா கைகூப்பினார். அவர் கண் கலங்கியதை அத்தை பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவை மறைந்துவிட்டன.

அம்மா அதைப் பார்க்கவில்லை. தங்கியிருந்த இடத்துக்குப் பின்னால் குழாயடியில் முந்தின இரவுப் பாத்திரங்களை விளக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் ஓடிப்போய்ச் சொன்னபோது, "பெருசா?" என்று மட்டும் கேட்டாள்.

கல்லட்டி வழியில் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள். இந்த லோடோடு ஏறாது என்று டிரைவர் அண்ணன் சொல்லிவிட்டார். கூடலூர் சுற்றி ஊட்டி போனோம். அப்படியும் வழியில் ரேடியேட்டர் கொதித்தது. கொண்டுவந்த தண்ணீர் என்ஜினுக்கா, உலைக்கா என்று டிரைவருக்கும் அத்தைக்கும் தகராறு. என்ஜின் ஜெயித்தது. ஊட்டி ஸ்டேஷனில் அப்பாவுக்கு உயிர் வந்தது. மலை ரயிலும் மீட்டர் கேஜ். நடுவில் பல் தண்டவாளம் மட்டும் கூடுதல். சொந்தக்காரரைப் பார்க்கப் போனவர் மாதிரி கார்டு பெட்டியில் ஏறி அங்கிருந்தவரோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் விழுப்புரத்து மீட்டர் கேஜ் பிறகு அகலமாகிவிட்டது. ஊட்டி ரயில் இன்னும் அப்படியே இருக்கிறது.

ஊட்டியில் சோறு வேகவில்லை. உலை தளதளவென்று கொதிக்கிறது, அரிசி நடுவில் கல்லாக நிற்கிறது. ஸ்டவ் சரியில்லை என்றாள் அத்தை. அரிசி பழசு என்றாள் சித்தி. மண்ணெண்ணெயில் கலப்படம் என்றார் மாமா. உண்மையில் யார் மேலும் தப்பில்லை. ஊட்டி கடல் மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் நூறு டிகிரிக்குப் போகாது. 92, 93லேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. மூடி இறுக்கமான குக்கர் இருந்திருந்தால் பிரச்சினை இல்லை, ஆனால் அத்தனை பேருக்கு எந்தக் குக்கர்? அம்மா இரண்டாம் நாள் ஒரு வேலை செய்தாள். அரிசியை முன்னிரவே ஊறவைத்துவிட்டாள். எட்டாம் வகுப்பு அறிவியலில் அழுத்தமும் கொதிநிலையும் வந்தபோது நான் வகுப்பில் கை தூக்கிச் சொன்ன உதாரணம் அதுதான்.

டாப்சிலிப்புக்குப் பொள்ளாச்சி, சேத்துமடை வழி. அங்கேதான் எனக்குக் காடு பிடித்தது. மொட்டையாக வெட்டித் தீர்த்த மலையில் தேக்கு மறுபடி எழுந்த கதையை அங்கே எல்லோரும் சொல்வார்கள். ஹ்யூகோ வுட் என்ற ஆங்கிலேய வன அதிகாரி. நடக்கும்போது கைத்தடியால் மண்ணில் குத்தி, சட்டைப் பையிலிருந்து தேக்கு விதை போட்டுக்கொண்டே போவார் என்பது கதை. 1933இல் இறந்தார், அந்தத் தேக்குகளுக்கு நடுவிலேயே அவர் கல்லறை இருக்கிறது. நினைவுச்சின்னம் தேடுகிறவர் சுற்றிலும் பார்த்துக்கொள்ளட்டும் என்ற பொருளில் லத்தீனில் பொறித்திருக்கிறது. மரத்தைச் சுரண்டிக் கப்பல் கட்டிய அரசாங்கத்தின் ஆள்தான் அவரும். ஆனாலும் வெட்டியவர்கள் பெயர் யாருக்கும் நினைவில் இல்லை, நட்டவர் பெயர் இருக்கிறது.

அங்கே எங்கள் வீட்டு அதிசயம் வேறு. பருப்பு வெந்தது. விழுப்புரத்துப் போர்த் தண்ணீரில் துவரம்பருப்பு வேகவைப்பது ஒரு தவம். தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் பருப்பை இறுக்கிவிடும். மணிக்கணக்கில் கிடந்தாலும் மலராது. டாப்சிலிப் ஓடைத் தண்ணீரில் போட்ட கொஞ்ச நேரத்தில் பருப்பு கரைந்து வெண்ணெயாக நின்றது. அம்மா கரண்டியில் எடுத்து எடுத்துப் பார்த்தாள். "அண்ணி, இங்க வாங்களேன், இதப் பாருங்க" என்று அத்தையைக் கூப்பிட்டாள். இருவரும் அந்தச் சட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பயணத்தில் அம்மா ஏதோ ஒன்றை வியந்து பார்த்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

உடுமலையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு. மழை மறைவுக் காடு, சந்தனக் காடு, கரும்பு வெல்லம் காய்ச்சுகிற வாசனை, அதற்கு மேல் தேயிலை. இரவிகுளத்தில் வரையாடுகள் ஆள் பயமில்லாமல் ரோட்டோரப் பாறையில் நின்றன. தமிழ்நாட்டின் மாநில விலங்கை நான் முதலில் பார்த்தது கேரளத்தில்தான். ராஜமலைச் சரிவெங்கும் காய்ந்த குச்சிகளாக ஒரு புதர். டீக்கடைக்காரர், "போன வருஷம் வந்திருக்கணும்" என்றார். 1994இல் குறிஞ்சி பூத்திருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூத்து, விதை போட்டுச் செத்துவிடுகிற செடி. நாங்கள் பார்த்தது அதன் எலும்பு. அடுத்தது 2006, அதற்கடுத்தது 2018. 2018இல் போகலாம் என்று அம்மாவுக்குச் சொல்லியிருந்தேன். ஆகஸ்டில் கேரளத்தில் வெள்ளம் வந்தது. மூணாறு சாலைகளே உடைந்தன. இனி 2030.

வரையாட்டையும் அம்மா பார்க்கவில்லை. ஆயாவுக்கு முட்டிவலி, மேலே நடக்க முடியாது. யாராவது ஒருவர் கூட இருக்க வேண்டும். அந்த யாராவது யார் என்று ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

போடிமெட்டு இறங்கி, கம்பம் வழியாகத் தேக்கடி. முல்லைப் பெரியாறு அணை 1895இல் முடிந்து, நீர் தேங்கி உண்டான ஏரி. செத்து நிற்கிற மரங்கள் தண்ணீருக்கு நடுவில் இன்னும் நின்றுகொண்டிருந்தன. மேற்கே கடலுக்கு ஓடிய ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே வைகைக்குத் திருப்பிய பென்னிகுவிக் கதையை அப்பா சொல்லி முடித்ததும் அத்தை கேட்டாள்: "அப்படியே நம்ம ஏரிக்கும் ஒரு குழாய் போட்டிருக்கக் கூடாதா?" திண்டிவனத்து ஆள் கேட்கிற கேள்விதான்.

கரையில் காட்டு மாடுகள் வந்ததும் படகில் இருந்தவர்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தோம். படகுக்காரர் கத்தினார். 2009 செப்டம்பர் 30 அன்று அதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள் என்று படித்தபோது எனக்கு அந்தக் கத்தல்தான் கேட்டது. அன்று எங்களில் ஒருத்தர்கூட மிதவைச் சட்டை போட்டிருக்கவில்லை. அம்மா இந்தத் தடவை படகில் இருந்தாள், ஆனால் மூன்று மணிக்கே எழுந்து புளிச்சோறு கிளறியவள். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். எழுப்பட்டுமா என்றேன். வேண்டாம் என்றார் அப்பா. அது அன்பினால் சொன்னதுதான்.

என் தம்பி இப்போது அமெரிக்காவில் இருக்கிறான். போன வருடக் கோடையில் ஆர்.வி. வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு எல்லோஸ்டோன் போனான். 1872இல் அறிவித்த, உலகத்திலேயே முதல் தேசியப் பூங்கா. வண்டிக்குள் கட்டில், கேஸ் அடுப்பு, பிரிட்ஜ், கக்கூஸ். இரவு நிறுத்துகிற இடத்தில் தண்ணீருக்கும் கரண்டுக்கும் குழாயும் பிளக்கும் இருக்கும்; கழிவை இறக்கத் தனி இடம். அங்கே நேரம் தவறாமல் பீறிடுகிற வெந்நீர் ஊற்று ஒன்று பிரசித்தம். அதன் பக்கத்திலிருந்து வீடியோவில் கூப்பிட்டான். வெந்நீர் பனைமர உயரத்துக்குப் பீறிட்டுக்கொண்டிருக்கிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டீங்களா, யாரு சமைக்கிறா?" என்றாள். தம்பி மனைவி பின்னாலிருந்து, "சோறு வேகவே மாட்டேங்குது அத்தை" என்றாள். அம்மா யோசிக்கவே இல்லை. "ஊட்டியிலயும் இப்படித்தான் ஆச்சு. ராத்திரியே ஊறப்போடும்மா." பிறகு நான் தேடிப் பார்த்தேன். அந்த ஊற்று இருக்கிற இடத்தின் உயரமும் ஏறக்குறைய 2,240 மீட்டர்தான்.

அன்று எனக்கு ஒன்று உறைத்தது. நாங்கள் எல்லோரும் அந்தப் பயணத்தை விலங்குகளாக நினைவு வைத்திருக்கிறோம். அதிலும் பாதி கலைந்துவிட்டது. எந்த யானை எந்தக் காட்டில் என்று எனக்கும் தம்பிக்கும் இன்றும் வாக்குவாதம். அம்மாவுக்கு எதுவும் கலையவில்லை. செங்கத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. மைசூர்த் தண்ணீரில் டீ நிறம் வரவில்லை. ஊட்டியில் சோறு விறைத்தது. டாப்சிலிப்பில் பருப்பு வெந்தது. மறையூர் வெல்லம் கரும்பு வாசனையோடு இருந்தது. போடி வந்ததும் மறுபடி தண்ணீர் கனத்தது. கடினத் தண்ணீர் எது, மென்தண்ணீர் எது, மலை எங்கே எவ்வளவு ஏறி எங்கே இறங்கியது என்று ஒரு தென்னிந்திய நிலப்படத்தையே அவள் சட்டியில் பார்த்திருக்கிறாள். எங்கள் நினைவை விட அவளுடையது திருத்தமானது. அதற்காக, அவள் யானையைப் பார்த்திருக்க வேண்டாம் என்று ஆகிவிடாது.

இப்போது பந்திப்பூர் சாலையை இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மூடிவிடுகிறார்கள். 2009 முதல் அப்படித்தான். நீலகிரிக்குப் பிளாஸ்டிக் கொண்டுபோக முடியாது. 2024 மே முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும். காட்டோரம் வண்டியை நிறுத்தி அடுப்பு மூட்டினால் அபராதம். எங்கள் வீட்டு ஆண்கள் இதற்கெல்லாம் அலுத்துக்கொள்வார்கள்: அந்தக் காலத்தில் நினைத்த இடத்தில் நிறுத்தினோம், பொங்கித் தின்றோம், என்ன சுகம்! நான் அலுத்துக்கொள்வதில்லை. வீசியெறிந்த எச்சில் சோற்றுக்குக் குரங்குகள் ரோட்டுக்கு வந்து அடிபட்டுச் செத்ததையும் பார்த்திருக்கிறேன், கொதிக்கிற உலையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா வண்டி ஏறியதையும் பார்த்திருக்கிறேன். அடுப்புக்குத் தடை போட்டது காட்டுக்கும் நல்லது, அவளுக்கும் நல்லது.

திரும்புகிற வழியில் ஒரு நிறுத்தம் மிச்சமிருந்தது. நல்லபடியாகப் போய்வந்தால் திருவக்கரை வக்கிரகாளியம்மனுக்கு மாலை சாத்துவதாக அத்தை வேண்டிக்கொண்டிருந்தாள். திருச்சி வழியாக விழுப்புரம் வந்தும் வீட்டில் இறங்காமல் நேரே கிழக்கே போனோம். மண்ணெண்ணெய் தீர்ந்திருந்தது. அரிசியும் முடிந்துவிட்டது. பாத்திரமெல்லாம் கட்டி ஏற்றியாகிவிட்டது, இனி அவிழ்க்க வேண்டியதில்லை. சாமி கும்பிட்ட பிறகு, பக்கத்திலேயே கல்மரப் பூங்கா இருக்கிறது, பார்த்துவிட்டுப் போகலாம் என்று யாரோ சொன்னார்கள். இத்தனை காடு பார்த்துவிட்டு இதையா என்று மாமாவும் பிள்ளைகளும் கோயில் மண்டபத்திலேயே படுத்துவிட்டார்கள். அம்மா, "நான் வர்றேன்" என்றாள்.

செம்மண் மேட்டில் மரங்கள் படுத்துக் கிடந்தன. எல்லாம் கல். சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்னால் வெள்ளத்தில் அடித்து வந்து மணலில் புதைந்த மரங்கள். மரச்சத்து இருந்த இடத்தில் அணு அணுவாகச் சிலிக்கா ஏறிக் கல்லாகிவிட்டது. இலையோ கிளையோ வேரோ ஒட்டிக்கொண்டு எதுவும் இல்லை. அதை வைத்துத்தான் அவை வேறு எங்கோ வளர்ந்து இங்கே வந்து சேர்ந்தவை என்கிறார்கள். சோனரா என்ற பிரெஞ்சு இயற்கையாளர் 1781இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இந்திய நிலவியல் ஆய்வுத்துறை வேலி போட்டுக் காக்கிறது. வளையங்கள் தெரிந்தன, பட்டை தெரிந்தது, பூச்சி அரித்த ஓட்டைகூடத் தெரிந்தது. அம்மா ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். ஒரு மரத்தின் மேல் விரல் முட்டியால் தட்டினாள். மணி மாதிரி கணீரென்றது. இன்னொன்றைத் தட்டினாள். வெயிலில் மேடு முழுக்க நடந்தாள். எங்களில் யாரும் சீக்கிரம் வா என்று கூப்பிடவில்லை, கூப்பிட்டாலும் வந்திருக்க மாட்டாள். அந்தக் கோடையில் அம்மா ஒன்று விடாமல் சுற்றிப் பார்த்த பூங்கா அது ஒன்றுதான்.

திருவக்கரை விழுப்புரம் மாவட்டத்தில், வானூர் வட்டத்தில் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து மயிலம் பக்கமாகவும் வரலாம், புதுச்சேரியிலிருந்தும் வரலாம். கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் பாதிகூடப் பூங்காவுக்கு வருவதில்லை. கல்லை உடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள், அது குற்றம். சாப்பாட்டைத் திண்டிவனத்திலேயே ஹோட்டலில் முடித்துக்கொண்டு, வீட்டுப் பெண்களை வெறுங்கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். வெயில் ஏறுவதற்கு முன் போவது நல்லது.